ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காலேஜ்ல இருந்துங்களா? நம்மூரு ஆஸ்பத்திரிகளைப் பத்தி ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னு ஊடு ஊடாப் போய்க் கேட்டு எழுதறீங்க. நல்ல காரியமுங்க. எதிர்த்த ஊட்டுக்குப் போகாம நேரா இங்க வந்தீங்க பாருங்க, அதுதான் புத்தி. அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது. தும்முனாக் கோயமுத்தூருக்கு ஓடற கூட்டம். என்னங்க? எதிர்த்த ஊட்டம்மாதான் இந்த ஊட்டைக் கையைக் காட்டினாங்களா? சிரிச்சுக்கிட்டே காட்டினாங்களா? மரியாதை தெரிஞ்ச பொம்பளைங்க அவங்க. நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க.

சரி, கேளுங்க. மருத்துவச் சேவை திருப்தியா இருக்குதான்னா கேக்கறீங்க? அஞ்சு கட்டம் போட்டிருக்குது. ரொம்பத் திருப்தியில இருந்து கொஞ்சமும் திருப்தியில்லை வரைக்கும். யோசிக்கவே வேண்டாம், கடேசிக் கட்டத்துல டிக் போடுங்க. போடுங்க, போடுங்க. நான் பேரு போட்டே கையெழுத்துப் போடறேன்.

வைத்தியம் சரியில்லையான்னா? வைத்தியம் நல்லாத்தான் இருக்குது. நான் பேசறது ரிங் ரோட்டுல போன வருசம் தெறந்தாங்களே, எட்டு மாடி, அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி. டாக்டருங்க நல்லாப் படிச்சவங்க. நர்ஸுங்க தங்கமான புள்ளைங்க. கக்கூஸு நம்ம கல்யாண மண்டபத்தை விடச் சுத்தம். எல்லாஞ் சரி. ஆனாக் கடேசிக் கட்டந்தான். ஏன்னா அங்க பாஸு வெச்சிருக்கறாங்க. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸு. அது கழுத்துல தொங்குனாத்தான் லிப்டுக்குள்ளயே விடுவாங்க. மத்தவங்கெல்லாம் கீழ ஏசிக் காத்துல உக்காந்து மீன் தொட்டியைப் பாத்துட்டுப் போகோணும். இதென்னங்க நியாயம்? படுத்திருக்கறவனைப் பாக்கறதுக்கு ஆளு வரலைன்னா அப்பறம் அது என்ன ஆஸ்பத்திரி?

நான் யாருன்னு சொல்லிப்போடறேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். பேரு குழந்தவேலு. பனியன் கம்பெனியில முப்பத்தெட்டு வருசம் கட்டிங் மாஸ்டரா இருந்தவன். நான் இங்க குடி வந்தப்ப இந்த லேஅவுட்டுல பதினோரு ஊடு, மீதியெல்லாஞ் சோளக்காடு. இப்ப முந்நூறு ஊடு. இதுல யாரு ஆஸ்பத்திரியில படுத்தாலும் மொத ஆளாப் போய் நிக்கறது நானுங்க. இருபத்திரண்டு வருசமா. அரை டஜன் சாத்துக்குடி, ஒரு ரொட்டிப் பாக்கெட்டு. சொந்தமில்ல, பந்தமில்ல, ஓட்டுக் கேக்கவும் போறதில்ல. மனுசனுக்கு மனுசன் ஆறுதல் சொல்றது, அவ்வளவுதான்.

ஆறுதல்னா வாய்க்கு வந்ததைச் சொல்றதில்லீங்க, அதுக்கொரு முறை இருக்குது. மொதல்ல என்ன சீக்குன்னு கேட்டுக்குவேன். அப்பறம் அதே சீக்கு வந்த ஆளுகளை ஒவ்வொருத்தரா ஞாபகப்படுத்திச் சொல்லுவேன். எப்ப ஆரம்பிச்சுது, யாருகிட்டக் காட்டினாங்க, எங்க கோட்டை விட்டாங்க, எத்தனை நாள்ல முடிஞ்சுது, எழவுக்கு எத்தனை பேரு வந்தாங்க. எதையும் மறைக்கறதில்ல. நமக்கு மட்டும் வரல, ஊருக்கே வந்திருக்குதுன்னு படுத்திருக்கறவங்களுக்கு ஒரு தெம்பு வரும் பாருங்க.

மூணாவது தெரு விசாலாட்சிக்குக் கழுத்துல கட்டி. போனேன். "இதெல்லாஞ் சாதாரணம் அம்மிணி, எங்க கம்பெனியில சாயம் போடற டையிங் மாஸ்டருக்கும் இதே கட்டிதான், இதே பக்கந்தான். ஆபரேசன் தியேட்டருக்கு நடந்தே போனாரு, எங்களைப் பாத்துக் கையாட்டிட்டுப் போனாரு. அந்தக் கை இன்னும் என்ற கண்ணுலயே நிக்குது"ன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவங்க அப்படியே சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. மூணு நாளாத் தூக்கமே இல்லைன்னு சொன்ன பொம்பளைங்க அவங்க. நம்ம பேச்சுல அப்படியொரு நிம்மதி.

டெய்லர் மயில்சாமிக்கு மஞ்சக் காமாலை. ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தேன். மறுநாளே டிஸ்சார்ஜ்! இன்னும் நாலு நாள் இருக்கோணும்னு டாக்டர் சொல்லியுங் கேக்கல, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்துட்டான். நான் பாத்துட்டு வந்த மறுநாளே இப்படி எந்திரிச்சு வந்தவங்க ஏழெட்டுப் பேராவது இருப்பாங்க. அதை எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டான்.

ஒரே ஒரு கொறை இருக்குது, அதையும் எழுதிக்குங்க. பாஸு கேக்காத மத்த ஆஸ்பத்திரிகள்ல நோயாளிகளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறது எப்பவுமே பாக்க வர்ற நேரத்துலதான். நான் போய்க் கதவைத் தட்டினா, "இப்பத்தான் ஸ்கேனுக்குப் போனாரு"ம்பாங்க. அரை மணி நேரம் காத்திருந்து மறுக்கா தட்டுவேன், "இன்னும் வரல." போன மாசம் ஒருத்தருக்குக் கால் முறிவு, அவரை மூணு மணி நேரம் ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள இருந்து அவரு இருமற சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, வேற யாரோ. நிர்வாகஞ் சரியில்லைன்னு எழுதுங்க.

ஏன் இப்படி அலையறேன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன்.

என்ற சம்சாரம் பாவாயி. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால வயித்து வலின்னு கொண்டு போய்ச் சேத்தேன். பதினோரு நாள் படுத்திருந்தா. பாக்க வந்த ஆளுகளுக்குக் கணக்கே இல்ல. அத்தனை பேரும் சொன்னது ஒரே வார்த்தைதான். "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்." டாக்டர் வெளிய கூப்புட்டு என்கிட்ட நெசத்தைச் சொல்லிட்டாரு. பத்தாம் நாள் அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "நீங்களாச்சும் நெசத்தைச் சொல்லுங்க, நான் பொழைப்பனா?"ன்னு கேட்டா. நான், "உனக்கு ஒண்ணுமில்ல, நாளான்னைக்கு ஊட்டுக்குப் போயிரலாம்"னேன். நாளான்னைக்கு ஊட்டுக்குத்தான் வந்தா, ஆம்புலன்ஸுல. மககிட்ட என்ன சொல்ல நினைச்சிருந்தாளோ, என்கிட்ட என்ன கேக்க நினைச்சிருந்தாளோ, எல்லாத்தையும் வாய்க்குள்ளயே வெச்சுட்டுப் போயிட்டா. நான் அவளை ஏமாத்திட்டேன் அம்மிணி. அது இன்னைக்கு வரைக்கும் வலிக்குது.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனி எந்தக் கட்டில்கிட்ட நின்னும் பொய் சொல்றதில்லைன்னு. சரி, விடுங்க. மோர் குடிக்கறீங்களா? உப்புப் போட்டதுதான்.

இப்பப் பாஸு விசயத்துக்கு வர்றேன். சென்னியப்பன்னு ஒருத்தன். ரெண்டு தெரு தள்ளி, பச்சைக் கேட்டு. அவனும் நானும் பதினெட்டு வயசுல ஒரே மேசையில துணி வெட்டப் பழகினவங்க. ஒரே டிபன் பாக்ஸுல தின்னவங்க. ரிட்டயர் ஆனதுக்கப்பறமும் காலையில அவன் மொபெட்டு சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். நாப்பது நாளைக்கு முன்னால அவனுக்கு நெஞ்சு வலி. அந்த எட்டு மாடி ஆஸ்பத்திரியில சேத்து, பைபாஸு பண்ணோணும்னுட்டாங்க.

நான் சாத்துக்குடியோட ஓடுனேன். கீழயே நிறுத்திட்டாங்க. பாஸு எங்கன்னாங்க. அவன் பையன் மோகன்ராஜுக்குப் போன் பண்ணுனேன். "பாஸு அம்மாகிட்ட இருக்குதுங்க மாமா"ன்னான். தெய்வானைக்குப் பண்ணுனேன், சென்னியப்பன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறை. "பையன்கிட்டத்தானுங்கண்ணா இருக்குது"ன்னா. மறுநாள் கேட்டா மருமக எடுத்துட்டுப் போயிட்டாங்கறாங்க. மருமகளைக் கேட்டா மாமியாகிட்ட இருக்குதாம். மூணு நாளு! ஒரே ஒரு பாஸைக் குடுத்துட்டு ஒரு குடும்பத்தையே இப்படி அலைக்கழிக்கறாங்களே, இன்னொண்ணு குடுத்தா ஆஸ்பத்திரி இடிஞ்சா போயிரும்? எழுதுங்க.

அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. மூணாம் நாள் செக்யூரிட்டி அம்மாகிட்டப் பேசிக்கிட்டே மேசையை எட்டிப் பாத்தேன். ஒரு காயிதம் ஒட்டியிருக்குது. அறை 308, குழந்தவேலு, கட்டிங் மாஸ்டர், அனுமதி இல்லை. பக்கத்துல என்ற போட்டோ! மோகன்ராஜ் கல்யாணத்துல எடுத்தது, பட்டு வேட்டியில நல்லாத்தான் இருந்தேன்.

எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த ஆஸ்பத்திரியில புகார்ப் பெட்டி ஒண்ணு வெச்சிருக்கறாங்க. அந்த மூணு நாள்ல நான் அதுல அஞ்சு கடுதாசி போட்டிருந்தேன். மீன் தொட்டித் தண்ணி மாத்தலைன்னு கூட எழுதியிருந்தேன். நிர்வாகமே பயந்து போயிருக்குது. கேள்வி கேக்கற ஆளுன்னாப் போட்டோ போட்டு ஒட்டறாங்க. அந்தப் போட்டோ எப்படிக் கெடைச்சுதுன்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல. பெரிய ஆஸ்பத்திரி, ஆளு வெச்சிருப்பாங்க.

மறுநாள் அவனுக்கு ஆபரேசன். அதுக்குள்ள பாத்தே ஆகோணும். போகாம இருந்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? பாவாயிக்குப் பண்ணுன தப்பை இவனுக்கும் பண்ணிட்டு நான் எப்படி இருக்கறது? அவன் கட்டில்கிட்ட நின்னு நெசத்தைச் சொல்ல ஒருத்தனாவது வேண்டாமா?

அங்கயே ஒரு போர்டு இருந்துச்சு. முழு உடல் பரிசோதனைன்னு. நான் மறுநாள் வெறும் வயித்தோட காலையில ஏழு மணிக்கே போய் நின்னேன். அந்தக் கவுண்டர் பின்பக்கத்து வாசல்ல. போட்டோ ஒட்டுனது முன்பக்கத்து வாசல்ல. ஆபரேசன் மத்தியானந்தான்னு கேட்டு வெச்சிருந்தேன். ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அவசரத்துக்கு யாரைக் கூப்புடறதுன்னு ஒரு கோடு. மக ஓசூர்ல இருக்குது, அதை எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்னு சென்னியப்பன் பேரையும் நம்பரையும் போட்டேன். ஆளு மூணாம் மாடியிலயே படுத்திருக்கான், கூப்புட்டாக் கிட்டத்துல, சௌரியந்தானுங்களே.

ரத்தம் எடுத்தாங்க, வயித்துல குழகுழன்னு எதையோ தடவி ஸ்கேன் எடுத்தாங்க. பச்சை அங்கி ஒண்ணை மாட்டி உட்டாங்க, பின்னால முடிச்சுப் போடறது. அடுத்தது நெஞ்சுக்கு எக்கோவாம், அது மூணாம் மாடியாம். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல்லு. கால் வலிக்குதுன்னேன், சக்கர நாற்காலியில உக்கார வெச்சு ஒரு அம்மா தள்ளிட்டுப் போனாங்க. முன்வாசல் வழியாத்தான் லிப்டு. அந்தச் செக்யூரிட்டி அம்மா, என்ற போட்டோவுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "பாத்துப் போங்கய்யா"ன்னு கதவைப் புடிச்சு உட்டாங்க. பட்டு வேட்டி இல்லைன்னா என்னை யாருக்கும் அடையாளந் தெரியறதில்ல.

தள்ளுன அம்மா எக்கோ ரூமுக்கிட்ட உட்டுட்டு அந்தப் பக்கம் போனதும் நானே சக்கரத்தை உருட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். 308. கதவைத் தள்ளுனேன். நல்ல வேளை, தெய்வானை கேண்டீனுக்குப் போயிருந்தா. சென்னியப்பன் படுத்திருக்கான், நெஞ்செல்லாம் ஒயரு. என்னைப் பாத்தான். பச்சை அங்கியைப் பாத்தான், நாற்காலியைப் பாத்தான். கண்ணு கலங்கிருச்சு. "டேய், உனக்குமாடா?"ன்னான். அதுல கொஞ்சம் சந்தோசமும் இருந்துச்சு, நான் மறைக்கல.

பக்கத்துல உருட்டிட்டுப் போய், ஆறுதலை ஆரம்பிச்சேன். "பைபாஸுக்கெல்லாம் பயப்படாதடா. நம்ம பேக்கிங் செக்சன் துரைசாமிக்குப் பண்ணலையா? நல்லாத்தான் பண்ணுனாங்க. மூணாம் நாள் எந்திரிச்சு உக்காந்து இட்லி தின்னுட்டிருந்தான், அந்த இட்லி தொண்டையிலயே..." இப்படி நான் சொல்லச் சொல்ல, அது வரைக்கும் அடக்கமாத் துடிச்சுக்கிட்டிருந்த மிசினு கிய்யா கிய்யான்னு கத்துது. ஒயரைச் சரியா மாட்டறதில்லைங்க. அதையும் எழுதிக்குங்க.

அப்பத்தான் அவன் என்ற கையைப் புடிச்சான். "நிறுத்துடா. ஊருக்கெல்லாம் நெசத்தைச் சொல்ற ஆளு நீ. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் பொழைப்பனா?"

அம்மிணி, அதே கேள்வி. பாவாயி கேட்ட அதே கேள்வி, அதே மாதிரி கையைப் புடிச்சுக்கிட்டு. இருபத்திரண்டு வருசமா இதுக்குத்தான் நான் பழகியிருக்கேன். எனக்குத் தெரிஞ்சு பைபாஸு பண்ணுன ஆறு பேருல ரெண்டு பேருதான் இன்னைக்கு நடமாடறாங்க. அதைச் சொல்லோணும். நாக்கு நுனியில இருக்குது. அவன் காலைப் பாத்தேன். போர்வைக்கு வெளிய ரெண்டு காலும் நீட்டிக்கிட்டிருக்குது, வலது கால் கட்டைவெரல் நகம் கறுத்திருக்குது. கட்டிங் மிசினு விழுந்து கறுத்தது, நாந்தான் தெரியாம உட்டேன், அவனுக்கு இருபது வயசுல. இவன் இல்லைன்னா நாளைக்குக் காலையில எனக்கு மொபெட்டு சத்தம் கேக்காதேன்னு நினைச்சேன். அவ்வளவுதான், வாய் தானாச் சொல்லிருச்சு.

"உனக்கு ஒண்ணுமில்லடா. பத்தே நாள்ல ஊட்டுக்குப் போயிரலாம்."

அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சுங்க. என்ற கையை உட்டுட்டான். "நீயா? நீயாடா இதைச் சொல்ற?"ன்னான். அதுக்குள்ள நர்ஸுப் புள்ளைங்க ரெண்டு பேரு ஓடி வந்து என்னை நாற்காலியோட வெளிய தள்ளிட்டாங்க. எக்கோ எடுக்கறப்ப என்ற நெஞ்சு அடிச்ச அடியைப் பாத்து அந்த டாக்டரம்மா, "ஐயா, மாடிப்படி ஏறியா வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

நான் என்ன நினைச்சேன்? பொய் சொன்னது பாவந்தான், ஆனா அவனுக்கு ஒரு தைரியம் குடுத்துட்டோம்னு நினைச்சேன். அங்க என்ன நடந்துச்சுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. நான் போனதும் அவன் தெய்வானையைக் கூப்புட்டானாம், பையனைக் கூப்புட்டானாம், கதவைச் சாத்தச் சொன்னானாம். தியேட்டருக்குக் கொண்டு போறதுக்குள்ள மனசுல இருந்ததையெல்லாங் கொட்டிட்டான். முப்பது வருசமா ஒவ்வொரு அமாவாசைக்கும் விரதமிருந்து மலைக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனானே, கோயிலுக்கே போனதில்ல, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸுல குழந்தவேலு கூட உக்காந்து தலைக்கறி தின்னுட்டு, வர்ற வழியில விபூதி வாங்கிப் பூசிக்கிட்டு வந்தேன்னு சொல்லிப்போட்டான். தெய்வானை அந்த விபூதியை முப்பது வருசமா நெத்தியில வெச்சு, ஒரு டப்பாவுலயும் சேத்து வெச்சிருக்கறா.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. ஒம்பதாம் நாள் ஊட்டுக்கு வந்துட்டான். நான் சொன்னதை விட ஒரு நாள் முன்னாடியே! ஆனா அவன் பொழைச்சது அவனுக்கே தாங்கலைங்க. இப்ப ஊட்டுல முட்டை கூட இல்ல. போன அமாவாசைக்கு டாக்டரைக் கேட்டுட்டு, தெய்வானையே கார் புடிச்சு அவனை மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா.

நான் பாக்கப் போனேன், சாத்துக்குடியோட. பச்சைக் கேட்டைத் தெய்வானை தெறக்கவே இல்ல. "தலைக்கறி இங்க கெடைக்காதுங்கண்ணா"ன்னா. உள்ள இருந்து அவன் சத்தம் போடறான். "அவனைப் போகச் சொல்லு. ஊருல இருக்கறவனுக்கெல்லாஞ் செத்தவன் கதை சொல்லுவான். எனக்கு மட்டும் ஒண்ணுமில்லைன்னான். குழந்தவேலே பொய் சொல்றான்னா நம்ம கதை முடிஞ்சுதுன்னுதானடா நினைப்பேன்? உன்னை நம்பித்தானடா எல்லாத்தையுங் கொட்டுனேன்?"

கேட்டீங்களா? ஆறுதலாச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, அதுல வந்த வினை. நாப்பது நாளா மொபெட்டு இந்தத் தெருவுக்கே வர்றதில்ல. இதுக்கெல்லாம் யாரு காரணம்? பாஸு. மொத நாளே பாஸு குடுத்திருந்தா நான் நிதானமா உக்காந்து, துரைசாமி கதையில ஆரம்பிச்சு ஆறு பேரு கதையையும் முறையாச் சொல்லியிருப்பேன். அவனும் தெம்பா இருந்திருப்பான். இதை அப்படியே எழுதுங்க, ஒரு எழுத்துக் கூடக் கொறைக்காதீங்க.

கடேசிக் கேள்வியா? இந்த ஆஸ்பத்திரியை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? எனக்கு இருந்தது ஒரு நண்பன். அவனையும் காப்பாத்தி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவன் பேச மாட்டேங்கறான். யாருக்குப் பரிந்துரைக்கறது?

இருங்க, இன்னொரு புகாரும் இருக்குது. அந்த ஆஸ்பத்திரியில இருந்து ஓயாமப் போன் பண்றாங்க. பரிசோதனை ரிப்போர்ட்டுக் கூரியர்ல வந்து ஒரு மாசமாச்சு. அதோ, டிவி மேல இருக்குதே, அந்தக் கவருதான். நான் பிரிக்கல. வேலை இருக்குதுங்க, எங்க நேரம்? டாக்டரை வந்து பாருங்க, பாருங்கன்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பண்ணுனாங்க. எடுக்கறதை உட்டுட்டேன். மனுசனைச் சும்மா இருக்க உட மாட்டேங்கறாங்கன்னு எழுதுங்க.

பயமா? எனக்கா? அம்மிணி, இருபத்திரண்டு வருசமா ஆஸ்பத்திரியே கெதின்னு இருந்தவன் நானு.

சரி... நீங்க படிச்ச புள்ள. அந்தக் கவரை எடுங்க. நீங்களே பிரிச்சுப் படிச்சுப் பாருங்க. பாத்துட்டு, அதுல என்ன எழுதியிருந்தாலும், என்கிட்ட ஒண்ணுமில்லைன்னு மட்டும்...

இருங்க. பிரிக்காதீங்க. சத்தங் கேக்குதுங்களா? மொபெட்டு. அது அவன் மொபெட்டுதான், அந்த சைலன்சரை நாந்தான் கம்பி போட்டுக் கட்டிக் குடுத்தேன். ஜன்னல்ல பாருங்க. எறங்கறான். ஆபரேசன் பண்ணுன ஒடம்பு, மொபெட்டு ஓட்டலாமான்னு டாக்டரைக் கேட்டானோ என்னவோ. கையில என்ன பை? சாத்துக்குடியா? எண்ணிப் பாருங்க, ஆறு இருக்குதா? அம்மிணி, சாத்துக்குடி நாந்தான் வாங்கிட்டுப் போவேன். எனக்கு யாரும் கொண்டு வந்ததில்ல.

அந்த ஃபாரத்துல அவன் நம்பரைப் போட்டிருந்தேன் பாருங்க. நான் எடுக்கலைன்னு அவனைக் கூப்புட்டிருப்பாங்க. இத்தனை நாளா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவன் சாத்துக்குடியோட வர்றான்னா... அம்மிணி, நீங்க போயிராதீங்க. சித்த இருங்க. அவன் வாயில இருந்து 'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் வந்திரக் கூடாது. வந்துச்சுன்னா நானும் முடிஞ்சேன்.

வாடா. உள்ள வா. யாரா? காலேஜ் அம்மிணி, ஆஸ்பத்திரியைப் பத்திக் கேட்டு எழுத வந்திருக்கறாங்க. உனக்குப் போன் பண்ணுனாங்களா? நேர்ல போய் டாக்டரையே பாத்துட்டா வர்றே? என்னன்னாரு? சொல்லுடா. எதுக்குடா என்ற மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கற? எதுனாலும் சொல்லிப்போடு.

கல்லா? கிட்னியிலயா? எத்தனை, ரெண்டா? என்னது? யாரு, ஸ்டோர் கீப்பர் நாச்சிமுத்துவா? ஆமா, ஞாபகமிருக்குது, அவனுக்கும் கிட்னியில கல்லுதான். பஸ்ஸுல போறப்பவே சுருண்டு விழுந்தானா? அது எனக்குத் தெரியாதே. மூணு தடவை ஆபரேசன் பண்ணியுமா? அப்பறம்? அய்யய்யோ. எழவுக்கு எத்தனை பேரு? அவன் மச்சானுக்கும் இதே கல்லா? அவன் என்ன ஆனான்? உக்காருடா, நின்னுக்கிட்டே சொல்லாத. அந்தச் சேர்ல வேண்டாம், கால் ஆடும். ம், சொல்லு, சொல்லு, நிறுத்தாத.

அம்மிணி, அந்த ஃபாரத்தை எடுங்க. கடேசிக் கட்டத்துல போட்ட டிக்கை அடிச்சுப் போடுங்க. மொதக் கட்டத்துல போடுங்க. ரொம்பத் திருப்தி.